இரண்டு பேருக்கு ஒரே மாத்திரை

1. பிரசவ அறையில்

எனக்கு அது முதல் தடவை வந்தபோது நான் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைச்சன் பிள்ளை. ஐப்பசி மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்த நேரம். திடீரென்று என் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறியது. காது மடல் எரிந்தது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி என் கிளவுஸ் மேலேயே விழுந்தது. பெற்றுக்கொண்டிருந்தவளைவிட எனக்கு அதிகமாக வேர்த்திருந்தது. மகளுக்கு விசிறிக்கொண்டிருந்த தாய்க்காரி, விசிறியை என் பக்கம் திருப்பினாள்.

"இன்னா நர்ஸம்மா, உனுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல. நீ பொண்ணப் பாரு."

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்த்து, குழந்தையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் கை கழுவினேன். இப்போது குளிர் வந்தது. பல் கிட்டுகிற மாதிரிக் குளிர். ரவிக்கை முழுக்க ஈரம். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் கொம்யூனில், ஆற்றுக்குப் பக்கமாக இருந்த ஒரு சப்-சென்டரில் கிராம நர்ஸ், அதாவது ஏ.என்.எம். வேலை. ஊர் பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அதற்குள் எத்தனையோ பிரசவம் பார்த்திருந்தேன். கருத்தடை பற்றி ஒரு மணி நேரம் நிற்காமல் பேசுவேன். ஆனால் அன்று என் உடம்பில் நடந்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. டி.பி.யாக இருக்குமோ என்று பயந்தேன்.

இன்று வேலைக்கு வரும் பெண்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். எங்கள் டிரெயினிங்கில் மாதவிலக்கு நிற்பதைப் பற்றிப் பாடத்தின் கடைசியில் அரைப் பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று டியூட்டர் தாண்டிப் போய்விட்டார். பிறகு வேலையிலும் அதே கதைதான். எங்களிடம் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. பிள்ளை பெறக்கூடிய வயதில் இருக்கும் தம்பதிகள் பெயர் அதில் இருக்கும். மனைவிக்கு நாற்பத்தைந்து தாண்டினால் சிவப்பு மையால் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். அதன் பிறகு அந்தப் பெண்ணை எந்த மீட்டிங்கிலும் யாரும் கேட்கமாட்டார்கள். அப்படிக் கோடு விழுந்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று நானும் கேட்டதில்லை.

2. குடல்வால்

நான் வில்லியனூர் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பங்குக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். மூத்தவள் நான். இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் முடிந்தபோது எனக்கு முப்பத்தைந்து ஆகியிருந்தது. அதன் பிறகு என் கல்யாணத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சப்-சென்டருக்குப் பின்னால் ஒரே அறை குவார்ட்டர்ஸ். அதுதான் என் வீடு.

நாற்பது வயதில் பெரும்பாடு ஆரம்பித்தது. மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள். கிணற்றடியில் துணி அலசும்போது தலை சுற்றும். இரண்டு வருடம் இரும்புச் சத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மற்றவர்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறவள், என்னை இழுத்துக்கொண்டு போக ஆளில்லாமல் இருந்தேன். ஒரு நாள் தடுப்பூசி முகாமில் மயங்கி விழுந்த பிறகுதான் புதுச்சேரிக்குப் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் பரிசோதித்தார். ஐம்பதை நெருங்கியவர். வேகமாகப் பேசுவார்.

"கர்ப்பப்பை நிறையக் கட்டி. ஓவரியிலயும் இருக்கு. எல்லாத்தையும் எடுத்துடறதுதான் நல்லது. கல்யாணம் ஆகல இல்ல?"

"ஆகல டாக்டர்."

"அப்பச் சரி."

அந்த 'அப்பச் சரி'யை நான் நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

சின்னத் தங்கை ஆரோக்கியம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என்னோடு இருந்தாள். கிளம்பும்போது என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, யார் கேட்டாலும் குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிடு. கர்ப்பப்பைன்னா, கல்யாணம் ஆகாதவளுக்கு இன்னாத்துக்கு எடுத்தாங்கன்னு கேப்பாங்க. எங்க வூட்டு மாமியாருக்கு நான் பதில் சொல்லணும்."

சரி என்றேன். அன்றிலிருந்து எனக்கு நடந்தது குடல்வால் ஆபரேஷன். ஊரிலும், கூட வேலை பார்த்தவர்களிடமும் அதையே சொன்னேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரம்தான் அந்த ஐப்பசி மழைப் பிரசவம்.

3. மருந்துக் கடை

சூடு ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை வந்தது. இரவில் பாயை நனைத்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் மறுபடி தூக்கம் வராது. சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வந்தது. போலியோ சொட்டு மருந்து வைக்கும் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது என்று அழுதிருக்கிறேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு மறுபடி அந்த லேடி டாக்டரிடம் போனேன்.

"டி.பி. இல்லம்மா. ஓவரி ரெண்டையும் எடுத்தாச்சு. ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியா நின்னு போச்சு. மத்தவங்களுக்கு நாலஞ்சு வருஷத்துல கொஞ்சங்கொஞ்சமா வர்றது உனக்கு ஒரே நாள்ல வந்துடுச்சு. அதை மாத்திரையாக் குடுத்தா சரியாயிடும். மூணு வாரம் சாப்பிடு, ஒரு வாரம் விடு. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் என்னை வந்து பார்."

சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடையில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். கடைக்காரர் சீட்டைப் படித்தார். என் கழுத்தைப் பார்த்தார். தாலி இல்லாததைப் பார்த்திருப்பார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாள் தள்ளிப் போயிடுச்சாம்மா?"

அந்தக் காலத்தில் ஹார்மோன் மாத்திரை என்றால் கடைகளில் அது ஒன்றுதான் அர்த்தம். கருவைக் கலைக்கும் என்று நம்பி, யார் யாரோ வாங்கிப்போய் விழுங்கினார்கள். நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சீட்டே அவர் கையில்தான் இருந்தது. ஆனால் நான், "எனக்கில்ல. எங்க ஊர்ல ஒருத்தங்களுக்கு" என்றேன். பாட்டிலைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அதைப் பையின் அடியில் போட்டு, மேலே முட்டைக்கோஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடியும்வரை தூங்கினேன். எழுந்தபோது பாய் காய்ந்திருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாசலுக்கு வந்து நின்றேன். பால்காரர் போய்க்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வது? உள்ளே போய்விட்டேன்.

4. அஞ்சலாட்சி

அஞ்சலாட்சி என்பது நான் இங்கே வைத்த பெயர். பனித்திட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கூடை சுமந்துகொண்டு எங்கள் ஊர்களுக்கு வருவாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். அவள் தெருமுனையில் குரல் கொடுத்தால் கடைசி வீட்டில் சட்டியை எடுப்பார்கள். விற்றுவிட்டுத் திரும்பும்போது, மதியம் என் குவார்ட்டர்ஸ் பின்படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். எனக்கென்று ஒரு சங்கரா, இரண்டு கானாங்கெளுத்தி ஒதுக்கி வைத்திருப்பாள்.

என் மாத்திரை ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அவள் வருவது குறைந்தது. வந்தாலும் குரல் எழும்பவில்லை. ஒரு நாள் ஒரு வீட்டில் மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்களாம். கூடையோடு மீனை அவர்கள் வாசலில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். "அவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அன்று மதியம் என் பின்படியில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீரைக் குடிக்கவில்லை. முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவள் முகம் சிவந்து, பொட்டுப் பொட்டாக வேர்வை முளைப்பதைப் பார்த்தேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"தூரம் நின்னு எவ்ளோ நாளாச்சுக்கா?"

நிமிர்ந்து பார்த்தாள். அவளை யாரும் இதைக் கேட்டதில்லை.

"ரெண்டு வருசம் ஆவுது. ஒனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"சூடு வருதா?"

"நெருப்ப அள்ளிக் கொட்னாப்புல வருது நர்ஸம்மா. ராத்திரி பூரா மணல்ல போயி உக்காந்துக்கிறேன். எங்க ஊட்டு ஆளு, எவனப் பாக்கப் போறன்றான். மருமவ என் கையால சோறு வாங்கித் துன்ன மாட்டேன்றா. நேத்து அலையில கால வச்சிக்கினு நின்னேன். அப்பிடியே எறங்கிப் போயிட்டா இன்னான்னு தோணிச்சு."

இதை அவள் அழாமல் சொன்னாள். மீன் விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

வாரம் ஒரு முறை எங்கள் சென்டருக்கு ஒரு டாக்டர் வருவார். அவரிடம் காட்டினேன். அவர் நாடியைப் பிடித்துவிட்டு, "வயசாச்சு, இது எல்லாருக்கும் வர்றதுதான். பி-காம்ப்ளெக்ஸ் குடுங்க சிஸ்டர்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு முன்னால் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள்.

பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, அலையில் இடுப்பளவு இறங்கி நின்றவளைப் பக்கத்து வலைக்காரர்கள் கூப்பிட்டுக் கரையேற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றே அவளுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். என் பாட்டிலிலிருந்து இருபத்தொரு மாத்திரையை எண்ணி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன்.

"நானும் இதத்தான் சாப்பிடறேன்க்கா. எனக்கும் உன்ன மாதிரிதான் இருந்துச்சு."

"ஒனுக்குமா? ஒனுக்கு வயசே ஆவலியே."

"சிலருக்குச் சீக்கிரம் நின்னுடும்."

அவளுக்கும் எனக்கு நடந்தது குடல்வால் ஆபரேஷன் என்றுதான் தெரியும்; உண்மையை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

5. ஒன்றரை வருடம்

மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதத்தில் அவள் குரல் திரும்பி வந்துவிட்டது. அவள் வீட்டிலும் சண்டை அடங்கியது. நான் மாதா மாதம் புதுச்சேரி போகும்போது அதே சீட்டைக் காட்டி இரண்டு பாட்டில் வாங்கினேன். கடைக்காரர் இப்போது எதுவும் கேட்பதில்லை.

அந்த ஒன்றரை வருடம்தான் என் சர்வீசிலேயே எனக்குப் பேச்சுத் துணை இருந்த காலம். மதியம் ஒரு மணி வாக்கில் அவள் வருவாள். இரண்டு பேரும் பின்படியில் உட்காருவோம். அவள் எல்லாவற்றையும் சொல்லுவாள். அவள் வீட்டுக்காரர் அவளைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று, அவளுக்கு அது வேண்டியிருந்ததா வேண்டாமா, முதல் பிள்ளை கடலில் போனபோது அவள் ஏன் அழவில்லை என்று எல்லாம். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நடுநடுவே, "நீயும் எதுனா சொல்லேன்" என்பாள். "எனக்கு என்னக்கா இருக்கு சொல்ல" என்பேன்.

ஒரு நாள் வந்தவள் படியில் உட்காரவில்லை. நின்றபடியே சிரித்தாள்.

"நர்ஸம்மா, நான் திரும்பவும் கொமரியாயிட்டேன் போல. தூரம் வந்துருக்குது."

நான் எழுந்துவிட்டேன்.

"எப்பலேந்து?"

"மூணு மாசமா அப்பப்ப பட்டுக்கினு கெடந்துச்சு. மாத்தரதான் எளமையத் திருப்பிக் குடுத்துருக்குதுன்னு இருந்துட்டேன். இப்ப நாலு நாளா நிக்கமாட்டேங்குது."

மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு உதிரம் பட்டால் அது ஆபத்து என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். மாத்திரையால் வந்ததா என்பது தெரியாது. அடுத்த பஸ்ஸிலேயே அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன்.

6. பெஞ்சு

லேடி டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உனக்கு எழுதினது."

"ஆமா டாக்டர்."

"எவ்வளவு நாளா குடுக்கற?"

"ஒன்றரை வருஷமா."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அஞ்சலாட்சியை வெளியே உட்கார அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். குரல் தாழ்ந்துதான் வந்தது.

"உனக்குப் பை இல்ல. அதனால இது மட்டும் குடுத்தேன். பை இருக்கறவங்களுக்கு இதை மட்டும் தனியாக் குடுத்தா உள்சவ்வு வளர்ந்துக்கிட்டே போகும். அதை அடக்க ஒவ்வொரு மாசமும் இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் குடுக்கணும். இல்லன்னா புத்துநோய் வரைக்கும் போகலாம். வெளிநாட்டுல பல பேருக்கு ஆன பிறகுதான் எங்களுக்கே இது புரிஞ்சுது. நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"இதே ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டு வந்தா…" என்று ஆரம்பித்தேன். அழைத்து வந்தால் அஞ்சலாட்சிக்கு முன்னால் டாக்டர் என் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார். அதுதான் காரணம். ஒன்றரை வருடமாக அதை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

மறுநாள் டி அண்ட் சி செய்ய முடிவானது. வெளியே மர பெஞ்சில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா சொல்றாங்க?"

"நான் குடுத்த மாத்திரையாலதான்க்கா. உள்ள சவ்வு வளர்ந்திருக்கலாம். சுரண்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

அவள் யோசித்தாள்.

"நீயும் அதத்தான துன்ன? ஒனுக்கு ஒண்ணும் ஆவலியே."

"எனக்குக் கர்ப்பப்பை இல்லக்கா. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. ஓவரியையும் சேத்து எடுத்துட்டாங்க. அதனாலதான் எனக்குச் சீக்கிரம் நின்னுச்சு."

"கொடல்வால்னு சொன்ன."

"ஆமா."

எதிரே ஒரு வார்டு பையன் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துடைத்து முடித்து அடுத்த பக்கம் போனதும் அவள் சொன்னாள்.

"மாத்தர குடுத்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அன்னிக்கு நீ குடுக்கலன்னா நான் கடல்லதான் கெடந்துருப்பேன். ஆனா நான் எம் புள்ளைங்களுக்குச் சொல்லாததக்கூட ஒங்கிட்ட சொன்னேன். ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீ ஒண்ண சொல்றதுக்கு ஒனுக்கு வாய் வரல."

நான் அவள் கையைத் தொட்டேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

7. மெமோ

பயாப்சி முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் வேலைக்குப் போனேன். ஊசி போட்டேன், எடை பார்த்தேன், ரிஜிஸ்டர் எழுதினேன். யாரிடமும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கேட்க நினைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றும் சேர்த்துக் கேட்டுவிடுவேனோ என்று பயந்து, எதையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பதினோராவது நாள் லேடி டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "சவ்வு தாறுமாறா வளர்ந்திருக்கு. புத்துநோய் இல்ல. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா இப்படிச் சொல்ல முடியாம போயிருக்கலாம்." இனி அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் கூடாது என்று பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு, சவ்வை அடக்கும் இன்னொரு ஹார்மோனை எழுதிக் கொடுத்தார். சில மாதம் கழித்து மறுபடி டி அண்ட் சி செய்து பார்த்தார்கள். சரியாகியிருந்தது.

நடந்ததை எல்லாம் நானே எழுதி மெடிக்கல் ஆபீசரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நீங்க எழுதாம இருந்திருந்தா யாருக்கும் தெரியாது சிஸ்டர்."

"தெரியும் சார்."

மெமோ கொடுத்தார். சர்வீஸ் புக்கில் அது ஏறியது. பிரமோஷன் லிஸ்டில் இரண்டு முறை என் பெயர் தாண்டிப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு ஒன்று. மாத்திரை நின்றதும் அவளுக்குச் சூடு திரும்பி வந்தது. இந்த முறை என்ன வியாதி என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் எடுத்துச் சொன்னாளாம். அதனால் கடலுக்குப் போகவில்லை. ஆனால் தூக்கம் இல்லை. அவள் மணலில் விழித்து உட்கார்ந்திருந்த நாட்களில் நான் என் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். ஒரு மாதம் நானும் நிறுத்திப் பார்த்தேன். லேடி டாக்டர் கண்டுபிடித்துத் திட்டினார். "நாப்பத்திரண்டுல ஓவரி போனவளுக்கு எலும்பு என்னத்துக்கு ஆகும்? நீ கஷ்டப்பட்டா அவங்களுக்குக் குறைஞ்சுடுமா? சாப்பிடு." மறுபடி ஆரம்பித்தேன். ஐம்பது வரைக்கும் சாப்பிட்டு, அவர் சொன்னபடி குறைத்து நிறுத்தினேன்.

எங்கள் ஊர்களுக்கு வேறொரு பெண் மீன் கொண்டுவர ஆரம்பித்தாள். அஞ்சலாட்சி கிருமாம்பாக்கம் பக்கம் போகிறாள் என்றாள். அந்தப் பெண்ணிடம் நான் மீன் வாங்கிக்கொண்டேன். பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

8. சொல்லி அனுப்பியவர்கள்

அதன் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடு போட்ட பெண்களின் பெயர்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். வீடு வீடாகப் போகும்போது அவர்களையும் பார்த்தேன். முதலில், "தூரம் நின்னுடுச்சா? நின்ன பிறகு மறுபடி எப்பவாவது பட்டுச்சா?" என்று நேராகக் கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். வெட்கத்தில் சொன்ன இல்லை எது, உண்மையான இல்லை எது என்று தெரியவில்லை.

ஒரு நாள் கேட்பதற்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு நாப்பத்திரண்டு வயசுலயே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. சூடு தாங்காம அழுதேன். உங்களுக்கு எப்படி இருக்கு?" அந்த வீட்டுப் பெண் முறத்தைக் கீழே வைத்தாள். அரை மணி நேரம் பேசினாள். அவள் பேசியது மறுநாள் அடுத்த தெருவுக்குத் தெரிந்தது. என் ஆபரேஷனும் தெரிந்தது. கல்யாணம் ஆகாதவளுக்கு இன்னாத்துக்கு என்று சிலர் கேட்கத்தான் செய்தார்கள். ஆரோக்கியம் என்னோடு நாலு மாதம் பேசவில்லை. ஆனால் பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. குப்பத்திலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர்கள் எல்லாம் போகும்வரை மூலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அஞ்சலாட்சி அனுப்புனா. அந்தம்மாகிட்ட எதயும் மறைக்காம சொல்லு, ஒண்ணு உடாம சொல்லுன்னா. எனுக்கு நின்னு ஆறு வருசம் ஆவுது. இப்ப படுது."

அன்றே புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் ஆபரேஷனோடு முடிந்தது. நான் ஓய்வு பெறும்போது அந்தப் பெண் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வந்தாள்.

அவளுக்குப் பிறகும் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சூடு தாங்காமல் வந்தவர்கள், உதிரம் பட்டு வந்தவர்கள், ஒன்றுமே இல்லாமல் பயத்தில் வந்தவர்கள். யாருக்கும் நானாக ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனேன். யாருக்கு ஹார்மோன் சரிப்படும், யாருக்குக் கூடாது, யாருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவர்தான் பார்த்தார். பை இருக்கிறதா, கட்டி உண்டா, உதிரம் பட்டதா என்ற கேள்விகளை மட்டும் நான் விடாமல் கேட்டு எழுதிக் கொண்டுபோனேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களுக்கு நல்லது செய்த மருந்து அடுத்தவருக்கும் நல்லது செய்யும் என்று நினைக்காதீர்கள். மாதவிலக்கு நின்றவளுக்கு ஒரு சொட்டு பட்டாலும் அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். ஒரு பெண் தன்னிடம் இருப்பதையெல்லாம் உங்களிடம் சொன்னால், உங்களிடம் இருப்பதில் ஒன்றையாவது அவளிடம் சொல்லுங்கள். மூன்றாவதை எந்த டிரெயினிங்கிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

குப்பத்திலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும், வேலை முடிந்த பிறகு நான் கேட்பேன்: "அஞ்சலாட்சி எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்குது" என்பார்கள்.

"என்னப் பத்தி எதாவது சொன்னாங்களா?"

"போயிப் பாருன்னு சொல்லிச்சு. வேற ஒண்ணும் சொல்லல."

நான் ஓய்வு பெறும்வரை அவள் ஆள் அனுப்பிக்கொண்டேயிருந்தாள். அவள் மட்டும் வரவில்லை.